பதினொன்றில் ஏழு

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஓர் உரக்கடை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாளில், யாரோ வாங்கிய நாலு மூட்டை டிஏபியை வேறொரு பெரியவரின் கடன் கணக்கில் எழுதிவிட்டேன். பத்து நாள் கழித்து அவர் வந்து, "தம்பி, நான் இந்தப் பட்டத்துக்கு இன்னும் உரமே வாங்கலியே" என்றார். நோட்டில் இருப்பது என் கையெழுத்துதான். எழுதிய ஞாபகம் மட்டும் துளியும் இல்லை.

கஞ்சா எனக்கு 19 வயதில் கல்லூரி விடுதியில் பழக்கமானது. அப்போது மாதம் ஒருமுறை, நாலைந்து பேர் சேர்ந்து. ஒவ்வொருவராக வேலை, கல்யாணம் என்று விட்டுவிட்டார்கள். நான் தனியாக மதகடியில் உட்கார ஆரம்பித்தேன். முதலில் கடை சாத்திய பிறகு, அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், கடைசியில் காலையில் கடை திறக்கும் முன்பே. ஒரு தடவைக்கு இழுப்பது பெரிதாகக் கூடவில்லை. அதனால் எல்லாம் என் கைக்குள்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்குத் தகராறு வீட்டுக்கு வந்த அன்று மனைவி சத்தம் போடவில்லை. "கணக்க விடுங்க. நேத்து பாப்பாவ பள்ளிக்கூடத்துலேர்ந்து கூப்பிட மறந்துட்டீங்க, அதாவது தெரியுமா?" என்றாள். தெரியவில்லை.

14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசிவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். சீட்டு வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம், கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டதே அதைத்தான். போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அங்கீகரித்த இடத்தில் முழுசாகச் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு நடத்துவதிலிருந்து பாதுகாப்பு உண்டு என்றார். விற்பவருக்கு இது பொருந்தாது.

எவ்வளவு என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எப்போது, யாரோடு, எழுந்து எத்தனை நேரத்துக்குள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு 11 கேள்விகள். இரண்டுக்கு ஆமாம் என்றாலே கோளாறு, ஆறோ அதற்கு மேலோ போனால் தீவிரம். எனக்கு ஏழு. தொட்டுப் பார்ப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார், பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர், தினமும் இழுப்பவர்களில் நாலில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை என்று விளக்கினார். கடைசிக் கணக்கைக் கேட்டதும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

முதல் ஒரு வாரம் கஞ்சாவை விட வேண்டாம், இழுக்கும்போதெல்லாம் எழுதிவைத்தால் போதும் என்றார். கடன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். காலை வரிசை ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை. வசூலுக்குப் போய் வாக்குவாதமான நாட்களில் இரண்டு கூடுதல். பாப்பாவோடு திருவாரூர் போய்வந்த ஞாயிறு மதியம் மட்டும் காலி.

விட்ட இரண்டாம் நாள் வியர்வையில் தலையணை நனைந்தது. அம்மா காய்ச்சல் என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார், அதுவும் மண் மாதிரி இருந்தது. தூக்கமில்லை, தூங்கினால் வண்டி வண்டியாகக் கனவு. மூட்டை இறக்க வந்த பையனிடம் ஒன்றுமில்லாததற்குக் கத்தினேன். முதல் வாரம்தான் கொடுமை, இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. இதை விடவைக்க என்றே தனி மாத்திரை இல்லை. பேச்சும் பழக்கமும்தான் சிகிச்சை. மூன்றாவது வாரம் சிறுநீர்ப் பரிசோதனையில் இன்னும் காட்டியபோது, யாரும் என்னை நம்பமாட்டார்கள் என்று பதறினேன். அது கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும், தினமும் இழுத்த உடம்பில் வாரக்கணக்கில் தெரியும் என்றார்கள்.

நான் கணக்கிலேயே சேர்க்காத ஒன்று புகையிலை. இத்தனை வருடமும் அதில் கலந்துதானே இழுத்தேன்? உடம்பு இரண்டையும் சேர்த்தே கேட்டது.

நாற்பதாம் நாள் மச்சான் கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் பழைய சிநேகிதன் நீட்டினான், வாங்கிவிட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். டாக்டரம்மா திட்டவில்லை. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் என்ன நடந்தது என்று கேட்டார். யோசித்தால், பந்தியில் ஒருவர் கடன் பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்திருந்தார். அதன்பிறகு வசூலுக்கு மனைவிதான் போகிறாள், என்னைவிட நன்றாகவே வசூலிக்கிறாள்.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. மதகு வழியாகப் போகாமல் சுற்றித்தான் கடைக்கு வருகிறேன். பெரியவரின் நாலு மூட்டையை அடித்துத் திருத்தி அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். பீடி மட்டும் நாளுக்கு மூன்றில் நிற்கிறது, அதற்கு அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள்.