பூக்குழித் தணலும் ரா கோப்பும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தீமிதித் திருவிழாவைப் படமெடுத்துத் தருமாறு நிர்வாகத்தினர் கேட்டபோது, எல்லாவற்றையும், கேமரா பதிந்த ஒளியளவுகளை மாற்றாமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகவே எடுப்பதென்று முடிவு செய்தேன். பொழுது சாய்ந்த பின்னரே பக்தர்கள் பூக்குழியில் இறங்குகிறார்கள். கீழே தணலின் செம்மை, மண்டபத்தில் குழல் விளக்கின் வெண்மை, நடுவே மஞ்சள் ஆடை. இவற்றின் நிறத்தைக் கேமராவே தீர்மானித்து ஜேபெக்காகச் சுருக்கிவிடுவதை நான் விரும்பவில்லை.

டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைத் திறந்ததும், கேமராத் திரையில் பளிச்சென்றிருந்த படங்கள் மங்கித் தெரிந்தன. கேமரா திரையில் காட்டுவது, ரா கோப்புக்குள் அதுவே பொதிந்து வைக்கும் ஜேபெக் முன்காட்சியை. மென்பொருளோ உணரி, அதாவது கேமராவுக்குள் ஒளியை அளக்கும் சில்லு, பதிந்த எண்களிலிருந்து படத்தைப் புதிதாகக் கட்டுகிறது. டார்க்டேபிளில் கருவிகளின் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தால், அந்தக் கட்டுமானத்தின் வரிசை அப்படியே தெரியும்.

முதலில் கறுப்பு அளவு கழிக்கப்படுகிறது. ஒளியே படாத இடத்திலும் உணரி சுழியத்தைப் பதிவதில்லை. சில கேனன் கேமராக்களில் அந்த எண் 2048ஐ ஒட்டி இருக்கும்.

அடுத்து வரும் வெண்சமநிலையில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்குவதே இதன் வேலை. தணலொளியில் நீலம் மிகக் குறைவு என்பதால், அந்த ஒளியை முழுக்க வெண்மையாக்க முயன்றால் நீலத்தைப் பல மடங்கு பெருக்க வேண்டியிருக்கிறது. அதிலுள்ள இரைச்சலும், அதாவது படத்தில் தெரியும் தாறுமாறான புள்ளிகளும், அதே மடங்கில் பெருகுகிறது, தணலும் வெளுத்துப் போகிறது. நெற்றி விபூதியில் அளந்தால் தோலின் நிறமும் குங்குமமும் கலந்துவிடுகின்றன. ஆகவே மண்டபத்துக் குழல் விளக்கின் கீழ் நின்ற ஒருவரின் வெள்ளை வேட்டியில் அளந்து, தணலின் செம்மையை அப்படியே விட்டுவிட்டேன். தீமிதியின் நிறமே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அளவுக்கு மீறிய ஒளியால் விவரம் இழந்த இடங்களைச் சீராக்கும் மிகையொளி மீட்பு அதன் பின் வருகிறது. 14 பிட் கோப்பில் 16,384 படிகள் உண்டு. அவற்றுள் பாதியை மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்பே, அதாவது ஒளி இரு மடங்காகும் ஓர் இடைவெளியே, எடுத்துக்கொள்கிறது. தணலின் நடுப்பகுதியில் சிவப்புதான் முதலில் நிரம்பும், அதாவது பதியக்கூடிய உச்ச அளவை எட்டிவிடும். ஒரு நிறம் மட்டும் நிரம்பியிருந்தால் மற்ற இரண்டைக் கொண்டு மென்பொருளால் ஊகிக்க முடிகிறது. மூன்றும் நிரம்பிவிட்டால் ஊகிக்க ஆதாரமே இல்லை. படத்தின் ஒளியளவுகளைக் காட்டும் கேமராவின் ஒளிப்பரவல் வரைபடமும் (ஹிஸ்டோகிராம்) ஜேபெக்கிலிருந்து வரையப்படுவதால், ரா கோப்பில் சிவப்பின் உண்மை நிலையை அது சரியாகச் சொல்வதில்லை. இதை மனத்தில் கொண்டே, நிழல்களில் சற்று இரைச்சல் வந்தாலும் சரியென்று கேமரா பதியும் ஒளியைக் குறைத்து எடுத்திருந்தேன்.

இதுவரை படம் என்று ஒன்று இல்லை. நிறப்புள்ளிகளின் கட்டம்தான் உண்டு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், நான்கு புள்ளிகளுள் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களையும் அண்டைப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறார்கள். ஆக, நாம் காணும் நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கிட்டுப் பெற்றவையே. சேலைச் சரிகையின் நுண்கோடுகளில் இல்லாத நிறங்கள் தோன்றுவதற்கு இதுவே காரணம். கணக்கிடும் முறையை மாற்றியபோது சில படங்களில் அவை குறைந்தன.

பிறகு நிற விவரக்கோப்பு கேமராவின் நிறங்களைப் பொது நிறவெளிக்கு மாற்ற, தொனி வளைவு உணரி பதிந்த நேர்விகித ஒளியளவைக் கண்ணுக்கு ஏற்ற பொலிவுக்குக் கொண்டுவருகிறது. தொடக்கத்தில் கண்ட மங்கல் பெரும்பாலும் இங்கேதான் நீங்கியது.

இத்தனை மாற்றங்களும் ரா கோப்பைத் தொடுவதில்லை. அருகிலுள்ள சிறிய எக்ஸ்எம்பி கோப்பில் எழுதப்படுகின்றன. நிர்வாகத்தினருக்கு 8 பிட் ஜேபெக் படங்களைக் கொடுத்துவிட்டு, ரா கோப்புகளையும் எக்ஸ்எம்பி கோப்புகளையும் ஒரே அடைவில் வைத்திருக்கிறேன். வேறு கணினியில் திறந்தாலும் செய்த திருத்தங்கள் கூடவே வருவதற்கு அப்படி வைப்பது அவசியம்.