குளத்தங்கரையில் ஒரு குத்து

ஊர்க் குளத்தில் இன்று காலை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியது என் தவறுதான். நான்கு எட்டு வைப்பதற்குள் நீர்முள்ளி பதம் பார்த்துவிட்டது. முள்ளைப் பிடுங்கிய கையோடு செடியருகே குந்திவிட்டேன். கணுவுக்குக் கணு வட்டமாக இலைகள், அவற்றினூடே ஆறு மஞ்சள் முட்கள், நடுவே நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள். மாடுகள் கிட்டே வராததில் வியப்பில்லை.

சிறு வயதில் இதன் விதையை நாக்கில் போட்டுக்கொள்வது எங்களுக்கு விளையாட்டு. எச்சில் பட்டதும் வழவழவென்று ஊறி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலை விட்டு வழித்தாலும் லேசில் வராது. சித்த மருத்துவத்தில் இந்தச் செடி சிறுநீர் பெருக்கி. அதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்!

தண்ணீரில் அல்லியைத் தேடினேன். கரைமுட்ட ஆகாயத்தாமரைதான் நிற்கிறது, தென் அமெரிக்காவிலிருந்து வந்த அழகி. காம்பை ஒடித்தால் உள்ளே பஞ்சுபோலக் காற்றறைகள்; பிறகு எப்படி மூழ்கும்? ஒரு மூலையில் மட்டும் கொட்டி என்னும் நீர்ச்செடியின் இலைகள் நான்கைந்து மிதந்தன. கோடையில் குளம் வெடித்துக் கிடந்தபோது மண்ணுக்குள் கிழங்காகப் படுத்திருந்தவர், மழை வந்ததும் எழுந்துவிட்டார். அவரைப் படம் எடுக்க இன்னும் இரண்டு எட்டு உள்ளே போயிருக்க வேண்டும். கால் ஒத்துழைக்கவில்லை.