வெனிசில் சித்தப்பாவும் அவருடைய சக்கரப் பெட்டியும்

வெனிஸ் நகரத்துக்கு முதன்முறையாகப் புறப்படுகிறவர்கள் கால்வாய்களைப் பற்றியே கனவு கண்டுகொண்டு போகிறார்கள். போய் இறங்கிய பிறகு முழங்காலைப் பதம் பார்ப்பவை அந்தக் கால்வாய்களின் மேல் நிற்கிற பாலங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை 400க்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏறவும் படிதான், இறங்கவும் படிதான். இதையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லியும், பொதுப்பணித் துறையில் மதகு, வாய்க்கால், தூர் வாருதல் என்றே காலத்தைக் கழித்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, சிறிய பீரோ அளவுள்ள ஒரு சக்கரப் பெட்டியுடன்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் இரண்டும் தனித்தனியே எவர்சில்வர் டப்பாக்களில் இருந்தன.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வெனிசியா’ என்று தொடங்கும் பெயர்ப்பலகையுடன் இரண்டு பெரிய நிலையங்கள் உள்ளன. முதலில் வருகிற மெஸ்ட்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. அங்கே இறங்கினால் பேருந்தும் அடுக்குமாடிக் கட்டடங்களும்தான் கண்ணில் படும். உப்பங்கழியின் மேல் செல்லும் நீண்ட பாலத்தைக் கடந்து சாந்தா லூச்சியா வரும்வரை இருக்கையை விட்டு எழக் கூடாது. அந்த நிலையத்தின் வாசற்படிக்கு எதிரிலேயே பெருங்கால்வாய் ஓடுகிறது. வந்தவர்கள் எல்லாரும் மெய்ம்மறந்து படம் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், சித்தப்பா நீரின் நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “தூர் வாரி ரொம்ப நாளாயிருக்கும் போலிருக்கேப்பா” என்றார்.

நகருக்குள் போக்குவரத்து என்பது வாப்பரெட்டோ எனப்படும் நீர்ப்பேருந்துதான். 75 நிமிடங்களுக்குச் செல்லுபடியாகும் ஒற்றைச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. ஒரே நாளில் மூன்று முறை ஏறுவதாக இருந்தாலே இரண்டாவது சீட்டுதான் லாபம். சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் படகுத் துறையில் உள்ள கருவியில் காட்டிவிட்டு ஏற வேண்டும். பெருங்கால்வாயை முழுவதும் பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றாம் எண் படகில் ஏறினால், அது ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் நின்று நின்று மாளிகைகளின் நடுவே ஊர்ந்து செல்லும். இதைவிட மலிவான சுற்றுலா அந்த ஊரில் கிடையாது. எங்கள் படகில் ஏறியவர்களும் இறங்கியவர்களும் நடுவில் நின்ற பெட்டியைக் கோவில் தூணைப்போலச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

விலாசம் தேடுவதில்தான் வெனிஸ் தன் முழு வித்தையையும் காட்டுகிறது. நகரம் ஆறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கதவிலக்கம் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை, பிரிவு முழுவதற்கும் ஒரே வரிசையாக ஓடுகிறது. நாங்கள் தங்க வேண்டியிருந்த காஸ்டெல்லோ பிரிவில் அது ஆறாயிரத்தைத் தாண்டிப் போகிறது. ஒரு கதவில் கண்ட எண்ணுக்கு அடுத்த எண் பக்கத்துக் கதவிலும் இருக்கலாம், மூலை திரும்பிச் சந்துக்குள்ளும் ஒளிந்திருக்கலாம். சந்துகள் இரண்டு ஆள் அகலமே உள்ளவையாதலால் கைப்பேசியின் நீலப் புள்ளி சில நேரங்களில் கால்வாயின் நடுவில் நின்றுகொண்டு நம்மை அழைக்கும். வழி கேட்டால் உள்ளூர்க்காரர்கள் மிகுந்த அன்போடு, நேராகப் போங்கள் என்பார்கள். அந்த நேர்வழி இரண்டு முறை வளைந்து, ஒரு வீட்டின் அடியில் குனிந்து நுழைந்து, கடைசியில் பாசி படிந்த நான்கு படிகளாகத் தண்ணீரில் முடிந்தது. ஆகவே விடுதிக்காரரிடம் கதவிலக்கத்தோடு தெருப் பெயர், அருகிலுள்ள படகுத் துறை, அங்கிருந்து எத்தனை பாலம் என்ற மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எங்களுக்கு அங்கிருந்து மூன்று பாலங்கள். இரண்டாவது பாலத்தின் உச்சியில், “மட்டம் சரியாகத்தான் எடுத்திருக்கிறான், படகு போக வேண்டுமே” என்று சித்தப்பா கட்டினவனைப் பாராட்டினார். பெட்டியின் மறுமுனை என் தோளில் இருந்தது.

கால் வலிக்கிறது என்பதற்காகக் கண்ட படியில் உட்கார்ந்துவிட முடியாது. சான் மார்க்கோ சதுக்கத்தின் படிகளிலோ பாலத்துப் படிகளிலோ அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் அபராதம் விதிப்பார்கள். புறாவுக்குத் தீனி போடுவதும் 2008 முதல் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. காப்பிக் கடையிலும் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சதுக்கத்தில் உள்ள கடைகளில் இசைக்குழு வாசிக்கும் நேரமாக இருந்தால் அதற்குத் தனிக் கட்டணமும் சேரும். அப்படியொரு கடையில் வந்த பில்லைப் படித்த சித்தப்பா, சட்டைப் பையிலிருந்து தம் காது கேட்கும் கருவியை எடுத்து மேசைமேல் வைத்து, தாம் இசை எதையும் கேட்கவே இல்லை என்று பரிசாரகரிடம் ஆங்கிலத்தில் வாதாடினார். அந்த மனிதர் கருவியை மரியாதையுடன் பார்த்தார், பில்லை மாற்றவில்லை.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிறு சதுக்கங்களில் உள்ள குழாய்களில் குடிநீர் இலவசமாகக் கிடைக்கிறது, பாட்டில் மட்டும் கையில் இருந்தால் போதும். சித்தப்பா வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதை ஒரு குழந்தை தன் தாயைக் கூப்பிட்டுக் காட்டியது. இதே ஊர்க்காரரான மார்க்கோ போலோவும் 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்தபோது இதைக் கண்டு வியந்துதான், இங்குள்ளவர்கள் பாத்திரத்தில் உதடு படாமல் குடிக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்.

பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களுக்கு 2024 முதல், அறிவிக்கப்பட்ட சில நாட்களில் மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு. நகருக்குள் இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லையென்றாலும், விலக்குக்கு இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வருகிறவர்கள் கடல் ஏற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கழியின் மூன்று முகத்துவாரங்களிலும் கடலுக்கடியில் படுத்திருக்கும் 78 மதகுக் கதவுகள், நீர்மட்டம் 110 செ.மீ. அளவுக்கு உயரும் என்று முன்னறிவிப்பு வந்தால் எழுந்து நின்று அலையைத் தடுக்கின்றன. 2020 அக்டோபரில்தான் அவை முதன்முறையாக வேலை செய்தன. அதைவிடக் குறைவான ஏற்றத்துக்கே தாழ்வான சான் மார்க்கோ சதுக்கம் நனைந்துவிடும் என்பதால் மாற்றுச் செருப்பு ஒன்று அவசியம். இந்தக் கதவுகளைப் பற்றிச் சித்தப்பா பேசியவற்றை எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும்.

கொண்டோலாவுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ஐந்து பேர்வரை ஏறலாம். “நிமிஷத்துக்கு மூணு யூரோவா?” என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா பேரம் பேசிப் பார்த்தார், படகோட்டி சிரித்தார். அந்தப் படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அகலம் என்பதையும், ஒற்றைத் துடுப்பின் தள்ளலை ஈடுகட்டத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதையும் இவர் கரையில் நின்றே கண்டுபிடித்ததில் படகோட்டிக்கு மகிழ்ச்சிதான், ஆனால் தள்ளுபடி இல்லை. பெருங்கால்வாயின் குறுக்கே டிராகெட்டோ என்ற பெயரில் இரண்டு படகோட்டிகள் ஓட்டும் பெரிய கொண்டோலா ஒன்று, கரையிலிருந்து எதிர்க்கரைக்கு 2 யூரோவுக்கு ஆளேற்றிச் செல்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதில் நின்றுகொண்டே போவார்கள். சாந்தா சோஃபியா துறையில் ஏறினால் ரியால்ட்டோ மீன் சந்தையில் இறங்கலாம் (ஞாயிறும் திங்களும் மீன் இராது). சித்தப்பா அக்கரையில் இறங்கியதும் சந்தைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் வரிசையில் நின்று, திரும்பும் பயணத்தில் கையைக் கட்டிக்கொண்டு படகில் நிமிர்ந்து நின்றார். படகோட்டியின் கோடு போட்ட சட்டையும் பின்னால் மாளிகையும் தெரியும்படி நான் எடுத்த படத்தை அன்று மாலையே மயிலாடுதுறைக்கு அனுப்பினார். அதைப் பார்த்த சித்தி, 90 யூரோ என்றால் நம் பணத்தில் எவ்வளவு என்று எனக்குத் தனியே செய்தி அனுப்பியிருந்தார்.