நிக்ஸி குழலுக்கு 180 வோல்ற்: கடற்கரை ஊரில் நின்றுபிடிக்கும் சப்ளை

இலக்கங்கள் ஒளிரும் கண்ணாடிக் குழலான நிக்ஸி குழலில் மணிக்கூடு செய்ய இறங்குகிறவர்கள் புரோகிராமோடுதான் அதிகம் மினக்கெடுவார்கள். சப்ளையைக் கடைசியில் எதையாவது பூட்டிச் சமாளிப்பார்கள். திருகோணமலையில் அது சரிவராது. மாரி தொடங்கியதும் முதலில் கரைச்சல் தருவது அந்தச் சப்ளைதான்.

பரவலாகக் கிடைக்கிற சோவியத் ஐஎன்-14 குழலை எடுத்துக்கொள்வோம். உள்ளே நியோன் வாயு, முன்னால் ஒரு வலை அனோட் (நேர் முனை), பின்னால் மெல்லிய உலோகத்தில் செய்த பத்து இலக்கங்கள். பற்றிக்கொள்ள, அதாவது ஒளிரத் தொடங்க, 170 வோல்ற் வரை கேட்கும். பற்றியதும் குழலின் இரு முனைக்கும் இடையே 140 வோல்ற் அளவுதான் நிற்கும். மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் கரண்ட் ஏறிக்கொண்டே போய்க் குழல் கெட்டுவிடும். 180 வோல்ற் சப்ளையில் மிச்சம் 40 வோல்ற். 2.5 மில்லி அம்பியருக்கு 16 கிலோ ஓம் வரும். நான் சொல்வது 18 கிலோ ஓம், கால் வாற்று. கரண்ட் 2.2 மில்லி அம்பியருக்கு இறங்கும், குழல் கூடக் காலம் உழைக்கும். ஒவ்வொரு குழலின் அனோட்டிலும் தனித்தனியாக ஒன்று வேண்டும். ஆறு குழலுக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டு மிச்சம்பிடிக்க வேண்டாம். கரண்ட் குறைந்தால் இலக்கத்தின் பாதி மட்டும் எரியும். கூடினால் இலக்கத்திலிருந்து உலோகம் தெறித்துக் கண்ணாடியின் உட்புறம் கறுக்கும்.

வீட்டு 230 வோல்ற்றை டயோட்டில் நேராக்கி நேரே கொடுக்கலாமா? கூடாது. நேராக்கினால் 325 வோல்ற் உச்சம் வரும், வீட்டு லைனிலிருந்து பிரிப்பும் இருக்காது. கட்டுப்பாட்டு போர்ட், பொத்தான், யுஎஸ்பி வயர் எல்லாமே லைனோடு சேர்ந்துவிடும். நல்ல 12 வோல்ற், 1 அம்பியர் அடப்டர் ஒன்றை வைத்து அதிலிருந்து 180 வோல்ற்றுக்கு ஏற்றுங்கள்.

ஆறு குழலுக்கு 15 மில்லி அம்பியர் என்று வைத்தால் 2.7 வாற்று. சுற்று 75 சதவீதம் திறனோடு ஓடினாலும் அடப்டரிலிருந்து 0.3 அம்பியர்தான் போகும். 12 வோல்ற்றை ஏற்ற எம்சி34063 என்ற சுவிட்சிங் ஐசி போதும். அதன் உள் சுவிட்ச் 40 வோல்ற்றுக்கு மேல் தாங்காது, அதனால் வெளியே சுவிட்சாக ஐஆர்எஃப்740 மொஸ்ஃபெற். டைமிங் கபாசிற்றர் 1 நானோபரட், கொயில் 220 மைக்ரோஹென்றி, கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் 0.22 ஓம், டயோட் யுஎஃப்4004. வெளியீட்டில் 4.7 மைக்ரோபரட் 250 வோல்ற், அதற்குப் பக்கத்தில் 100 நானோபரட் 400 வோல்ற் பிலிம் கபாசிற்றர். உள்ளீட்டில் 470 மைக்ரோபரட் 25 வோல்ற். இந்த அளவுகளில் கொயிலின் உச்சக் கரண்ட் 1.36 அம்பியர் வரை போகும். கொயில் 2 அம்பியர் வரை நிறைவுறாததாக (உட்கருவின் காந்தம் நிரம்பிவிடாததாக) இருக்க வேண்டும். ரெசிஸ்டர் போலவே இருக்கும் சின்னக் கொயில் புறக்கோட்டைக் கடைகளில் மலிவு. இங்கே போட்டால் அது அரை அம்பியருக்கு முன்பே நிறைவுற்று, மொஸ்ஃபெற் கொதிக்கும்.

மொஸ்ஃபெற் கொதிக்க இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, யுஎஃப்4004 கிடைக்கவில்லை என்று 1என்4007 போடுவது. அது 50 ஹேர்ட்ஸுக்குச் செய்த டயோட். இங்கே வேகம் 34 கிலோஹேர்ட்ஸ். அணைவதற்குள் வெளியீட்டுக் கரண்ட் திரும்பி ஓடிவிடும். மற்றது கேற், மொஸ்ஃபெற்றைத் திறந்து மூடும் கால். எம்சி34063 கேற்றை மேலே தள்ளும், கீழே இழுக்காது. வெறும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை நிலத்துக்குப் போட்டுவிட்டால் மொஸ்ஃபெற் மெதுவாக அணைந்து, அணைகிற ஒவ்வொரு முறையும் சூடாகும். ஐசியின் வெளியீட்டிலிருந்து கேற்றுக்கு ஒரு 1என்4148. ஒரு 2என்3906 பிஎன்பி டிரான்சிஸ்டர்: எமிற்றர் கேற்றில், பேஸ் ஐசி வெளியீட்டில், கலெக்டர் நிலத்தில். அந்த 1 கிலோ ஓம் பேஸிலிருந்து நிலத்துக்கு. சில ரூபாய் வேலைதான், ஆனால் மொஸ்ஃபெற்றைக் கையால் தொடலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். (தொடுவது சப்ளையை நிறுத்தி, வெளியீடு இறங்கிய பிறகு.) 5 வோல்ற்றில் இந்தச் சுற்று ஓடாது, ஐஆர்எஃப்740 முழுமையாகத் திறக்க கேற்றில் 10 வோல்ற் வேண்டும்.

வெளியீட்டு அளவைத் தீர்மானிப்பது ஃபீட்பேக் பிரிப்பான், வெளியீட்டின் ஒரு சிறு பங்கை ஐசிக்குக் காட்டும் ரெசிஸ்டர் வரிசை. ஐசி ஒப்பிடும் வோல்ற்றளவு 1.25. மேலே 470 கிலோ ஓம் இரண்டு தொடராக. ஒன்றையே போட்டால் கால் வாற்று ரெசிஸ்டரின் வோல்ற்றளவு எல்லையை நெருங்கிவிடும். கீழே 5.6 கிலோ ஓமும் அதற்குத் தொடராக 2 கிலோ ஓம் பிரிசெற்றும் (திருப்பி அளவை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்). 156 முதல் 211 வோல்ற் வரை திருப்பலாம். பிரிசெற் கட்டாயம் கீழ்ப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். உப்புக்காற்றில் அதன் தொடுமுனை அரித்துத் திறந்துபோனால் வெளியீடு இறங்கும், அவ்வளவுதான். மேலே வைத்துத் திறந்துபோனால் ஐசிக்கு வெளியீடு தெரியாது. ஏற்றிக்கொண்டே போய்க் கபாசிற்றரை வெடிக்கவைக்கும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது குழலைக் கழற்றிவிட்டு, பிரிசெற்றை மிகக் குறைந்த வெளியீட்டில் வையுங்கள். குழல்களுக்குப் பதிலாகப் பாரத்துக்கு 12 கிலோ ஓம், 5 வாற்று ரெசிஸ்டர் ஒன்று. 180க்கு ஏற்றி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பிரெட்போர்ட்டில் இதைச் செய்ய வேண்டாம். நிறுத்தியதும் குழல் அணைந்துவிடும், ஆனால் கபாசிற்றரில் நூற்றுச் சொச்சம் வோல்ற் தங்கி நிற்கும். அணைந்த குழல் அதற்குமேல் எதையும் உறிஞ்சாது. 100 கிலோ ஓம் இரண்டைத் தொடராக வெளியீட்டுக்குக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டால் இரண்டு நொடிக்குள் 30 வோல்ற்றுக்குக் கீழே வரும்.

இனி உப்பு. உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி எங்கே வைத்தாலும் போர்ட்டின் மேல் ஒரு படலம் படியும். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் காய்ந்து கிடக்கும், மாரியில் ஈரம் இழுத்துக் கடத்தத் தொடங்கும். 180 வோல்ற்றுக்கும் ஃபீட்பேக் காலுக்கும் இடையே 5 மெகா ஓம் கசிவு போதும்: மேலே இருக்கும் 940 கிலோ ஓம் 791 ஆக இறங்கும், வெளியீடு 152 வோல்ற் ஆகிவிடும். குழல் பற்றாது. பெட்டி சூடேறிக் காய்ந்ததும் தானாகவே சரியாகும். விடியற்காலையில் இரண்டு இலக்கம் எரியவில்லை, ஒன்பது மணிக்கு எல்லாம் எரிகிறது என்றால் குழலைக் குறை சொல்லி மாற்ற வேண்டாம். முதலில் காலையிலேயே வெளியீட்டை அளந்து பாருங்கள். அளவு சரியாக 180 நின்றும் பற்றவில்லை என்றால்தான் குழலைச் சந்தேகிக்கலாம்.

வேரோ போர்ட்டில் (செம்பு வரிசைகள் உள்ள துளைப் பலகை) 180 வோல்ற் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வெறுமையாக விடுங்கள், அந்த வரிசைச் செம்பையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். பற்றாசு ஒட்டி முடிந்ததும் ஃபிளக்ஸ் மிச்சத்தை ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிளக்ஸின் மேலே வார்னிஷ் பூசினால் கசிவையும் சேர்த்து மூடி வைத்ததாகிவிடும். பிறகு மோட்டர் வைண்டிங் கடைகளில் பாவிக்கும் இன்சுலேஷன் வார்னிஷ் மெல்லிதாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பின். பிரிசெற்றுக்கும் குழல் சொக்கற்றுக்கும் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள். வார்னிஷ் உள்ளே இறங்கினால் அந்தத் தொடுமுனை பிறகு தொடாது.