செவலைக்குத் தோல் கழலை வந்தபோது ஆன செலவு

2023 ஐப்பசியில் ஒரு காலை. எங்கள் கலப்பினப் பசு செவலை தவிட்டுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கிற மாடு, அன்று ஒன்றரை லிட்டரோடு நின்றுவிட்டது. கழுத்தைத் தடவினேன். தோலுக்கடியில் புளியங்கொட்டை போலக் கையில் தட்டுப்பட்டன. மறுநாள் மாலைக்குள் அவை நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து உடம்பெல்லாம் பரவிவிட்டன. முன்னங்கால் வீங்கி, படுக்க முடியாமல் இரவு முழுக்க நின்றபடியே இருந்தது.

கால்நடை மருத்துவர் பார்த்ததும் தோல் கழலை நோய் என்றார். கடிக்கிற ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவும் வைரஸ், மனிதருக்கு ஒட்டாது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, காய்ச்சலைத் தணிக்கவும் புண் சீழ் வைக்காமலிருக்கவும்தான் ஊசி. 2019-இல் ஒடிசாவில் தென்பட்ட நோய், 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். எங்கள் தொழுவத்துக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அந்த ஆண்டு ஆடியிலேயே தடுப்பூசி போட வந்திருந்தார்கள். ஆட்டம்மைக்கான தடுப்பூசியைத்தான் மாட்டுக்கு இந்த நோய் வராமலிருக்கவும் போட்டார்கள், இலவசம். செவலை அப்போதுதான் சினைப்பிடித்திருந்தது. ஊசியால் கரு கலைந்துவிடும், பாலும் குறையும் என்று பயந்து நான்தான் வேண்டாம் என்றேன். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மற்ற மாட்டைத் தனியே கட்டினோம். கொட்டகையைச் சுற்றிக் கொசுவலை, அந்தியில் வேப்பிலை, நொச்சி மூட்டம். வெற்றிலை, மிளகு, கல்லுப்பை அரைத்து வெல்லத்தோடு நாக்கில் தடவினோம். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குப் பூசினோம். கழலை வெடித்துத் தோல் வட்ட வட்டமாகக் கழன்று விழும். உள்ளே சிவந்த சதை. ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான். மூன்று வாரம் களை எடுக்கப் போகவில்லை, அந்தக் கூலியும் போயிற்று.

பால் அட்டையின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒன்று போக, தினம் 11 லிட்டர் சொசைட்டிக்கு ஊற்றுவோம். லிட்டருக்கு 33 ரூபாய். 28 நாள் ஊற்றவே இல்லை: 10,164 ரூபாய். மருந்து, ஊசி, தனியார் மருத்துவர் வந்துபோன வகையில் 4,800. தேறிய பிறகும் பழைய பால் திரும்பவில்லை. தினம் 5 லிட்டர் குறைவாகவே அடுத்த இரண்டு மாதம் ஓடியது, அதில் 9,900.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி, இரண்டாம் வாரம் கரு கலைந்ததுதான். பங்குனியில் ஈன வேண்டிய மாடு தை மாதம் மறுபடி சினைப்பட்டு, அடுத்த ஐப்பசியில்தான் ஈன்றது. ஏழு மாதம் தள்ளிப்போயிற்று. பால் வற்றிய மாட்டுக்கும் வைக்கோலும் தவிடும் வைத்தாக வேண்டும், நாளுக்கு 120 ரூபாய்க்குக் குறையாது.

காதுவில்லை போட்டுக் காப்பீடு எடுத்திருந்தோம். கேட்டபோது, மாடு இறந்தால்தான் தொகை என்றார்கள். இந்த நோயில் பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்த மாட்டின் பாலுக்கும் கலைந்த கருவுக்கும் எந்தப் படிவத்திலும் இடமில்லை. சிறு விவசாயியைச் சாய்ப்பது இந்தக் கணக்கில் வராத நட்டம்தான். அரசு இதைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

நோயின் நடுவில் ஒரு தரகர் வந்து 14,000-க்குக் கேட்டார். அதற்கு முந்தின மாதம் 55,000 மதிப்புள்ள மாடு. மாமியார் கயிற்றைக் கையை விட்டு விடவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி வரும் நாளை முதலில் விசாரிப்பது நான்தான். கன்றுக்கு நான்கு மாதம் முடிந்ததும் போட்டாயிற்று. செவலையின் விலாவில் நான்கைந்து இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. போன வாரம் மாட்டை விலைக்குக் கேட்டு வந்தவர் அந்த வட்டங்களை விரலால் தொட்டு எண்ணி, ஐயாயிரம் குறைத்துச் சொன்னார்.