ஆச்சிக்கு என் கேள்வித்தாள் போட்ட மார்க்

எம்.எட். ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, நிலைத்த வளர்ச்சியை, அதாவது வரும் தலைமுறைக்குக் குறை வைக்காத வளர்ச்சியை, மக்கள் எவ்வளவு புரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது. அறிவு, மனப்பான்மை, நடத்தை மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும், கூட்டி ஒரே மார்க்காக்கினால் எதற்கும் ஆகாது என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லிவிட்டார். அறிவுப் பகுதிக்கு அந்த வளர்ச்சிக்கு 1987-ல் ஐ.நா. ஆணையத்தின் பிரண்ட்லாண்ட் அறிக்கை தந்த வரையறை, 2015-ல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகள், தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான ஆண்டு என்று நாற்பது கேள்வி தேற்றினேன். முக்கால்வாசி ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை.

முன்னோட்டத்துக்குக் காரைக்குடியில் பதினைந்து கல்லூரிப் பிள்ளைகள். இருபதே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். அப்புறம் கானாடுகாத்தான் ஊரில் வீடு வீடாக.

"நிலைச்ச வளர்ச்சின்னா வயல்லயா, தொழில்லயா ஆத்தா?" என்று கேட்டார் முதல் வீட்டு ஆச்சி. 'தெரியாது' கட்டத்தில் டிக் அடித்தேன். அடுத்தது, 'தண்ணீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்துகிறேன்.'

"தண்ணி சிக்கனந்தான். ஆனா மோட்டார் ஓடிக்கிட்டேல்ல கெடக்கு. எதுக்கு ஆமாங்கிறது?"

ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்வி வைக்கக்கூடாது என்று படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான்.

வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, கூட்டிப்போய்க் காட்டினார். ஓட்டு விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் மூலையில் பித்தளை அண்டா, அதன் வாயில் வெள்ளை வேட்டித் துணி. "மொத மழைய விட்ருவோம். ஓட்டுத் தூசி, காக்கா எச்சமெல்லாம் கழுவிட்டுப் போகணும்ல? அடுத்த மழைதான் குடிக்க." என் தாளில் இதற்கு மார்க் இல்லை. 2003 என்று ஆண்டைச் சொன்னால் ஒரு மார்க் உண்டு.

ஆச்சிக்கு எல்லாம் தெரியும் என்று எழுதவும் முடியவில்லை. கொல்லையில் பால் பாக்கெட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. "சாம்பலாப் போயிரும்ல, அப்புறம் என்ன?" என்றார்.

வீட்டுக்கு வந்து பாதிக் கேள்விகளை மாற்றினேன். ஆண்டு கேட்ட கேள்விகள் போயின. முதல் மழைத் தண்ணீரை என்ன செய்வீர்கள், பால் பாக்கெட்டை எரித்தால் புகையில் என்ன வரும் என்று கேட்டேன். தண்ணீர் தனி, மின்சாரம் தனி.

அடுத்த சுற்றில் மனப்பான்மைப் பகுதியின் கிரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.41. குறைந்தது 0.7 வேண்டுமே! இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால், 'ஆமாம்' என்றால் மார்க் குறைய வேண்டிய எதிர்மறை வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடவே இல்லை. திருப்பியதும் 0.74.

புதுத் தாளோடு அதே பிள்ளைகளிடம் போனேன். இந்த முறை ஒரு மணி நேரம் ஆனது. முதல் மழைக் கேள்விக்குச் சரியாக எழுதியவர்கள் நான்கு பேர்.