புரொப்பேன் எவ்வளவு மிச்சம்? தராசும் கையுமாக ஆறு மாதம்

அதிகாலை மூன்று மணி இருக்கும். அம்மா என் தோளைத் தொட்டு எழுப்பினார். "தம்பி, விசிறி ஓடுகிறது, ஆனால் சூடு வரவில்லை. பச்சைக் காற்றாக அடிக்கிறது."

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா, முகாமிடும் இடமான நார்த் கேம்ப்கிரவுண்ட். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8000 அடி. அக்டோபர் மாதம் அங்கே இரவில் தண்ணீர் உறைந்துவிடும். கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பு கிடையாது. அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ், ஃப்ரிட்ஜ், அடுப்பு, மூன்றும் நாங்கள் தங்கிப் பயணிக்கும் டிரெய்லரின் முன்னால் கட்டியிருக்கும் இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களை நம்பித்தான் ஓட வேண்டும். ஃபர்னஸ் பக்கம் காதை வைத்தேன். விசிறி சுழன்றது, 'டிக் டிக்' என்று பொறி தட்டியது, தீ பிடிக்கவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு அடங்கியது. எழுபது வயது அம்மாவை மூன்று போர்வைக்குள் சுருட்டி உட்காரவைத்துவிட்டு டார்ச்சோடு வெளியே ஓடினேன். இரண்டு சிலிண்டர்களும் காலி.

என் தவறு எங்கே என்பது விடிந்த பிறகுதான் புரிந்தது. இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே தானாக மாற்றிக்கொள்ளும் ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. அதன் நெம்புகோல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தச் சிலிண்டரிலிருந்து முதலில் எடுக்கும். அது தீர்ந்ததும் சத்தமில்லாமல் அடுத்ததற்குத் தாவும். பச்சையாக இருந்த சிறிய கண்ணாடிக் கண் சிவப்பாகும், அவ்வளவுதான். நான் இரண்டு வால்வுகளையும் திறந்தே வைத்திருந்தேன். முதல் சிலிண்டர் முந்தைய பயணத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் அந்தக் கண்ணை நான் குனிந்து பார்க்கவே இல்லை.

விடிந்ததும் அம்மா ஒன்று சொன்னார். "ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துப் பார். மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், கேஸ் இருக்கிற உயரம் வரைக்கும் ஈரம் நிற்கும்." திண்டுக்கல்லில் எங்கள் சமையலறையில் 14.2 கிலோ சிலிண்டருக்கு அவர் அப்படித்தான் செய்வார். அடுத்த சிலிண்டருக்கு எப்போது பதிய வேண்டும் என்பதை அந்த ஈரக் கோடுதான் அவருக்குச் சொல்லும். இங்கே துடைத்தேன். ஈரம் காயவில்லை, மேலிருந்து கீழ் வரை மெல்லிய பனித்தகடாக உறைந்துபோனது. "அப்படியென்றால் வெந்நீர் ஊற்று" என்றார். வெந்நீர் வைக்க அடுப்பில் கேஸ் இல்லை. தள்ளியிருந்த விறகுக் குழியில் நெருப்பு மூட்டி ஒரு கெட்டிலில் வெதுவெதுப்பாகச் சுடவைத்து, வால்வுகளை மூடிவிட்டு, சிலிண்டர்களின் ஓரமாக ஊற்றினேன். உச்சியிலிருந்து அடிவரை உள்ளங்கையை இறக்கிப் பார்த்தேன். எங்குமே குளிர்ந்த இடம் தட்டுப்படவில்லை. திரவம் இருந்தால் அது வெப்பத்தை இழுத்துக்கொண்டு அந்த இடத்து இரும்பைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும். வெறும் ஆவி மட்டும் இருக்கும் இடத்தில் இரும்பு உடனே சூடாகும். என் சிலிண்டர் முழுவதும் சூடானது.

அரிசோனாவில் சாண்ட்லர் நகரத்து வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இனிமேல் இதைக் கணக்காகத் தெரிந்துகொண்டே ஆவது என்று முடிவு செய்தேன்.

நவம்பர். முதலில் வாங்கியது முள் வைத்த அழுத்தமானி. சிலிண்டருக்கும் குழாய்க்கும் நடுவே திருகுவது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். பார்க்க நம்பிக்கையாக இருந்தது. சாண்ட்லரில் மதியம் முள் பச்சையில் நன்றாக நின்றது. மறுநாள் விடியலில் ஃபிளாக்ஸ்டாஃப் மலையில் அதே முள் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. நடுவில் துளி கேஸ் செலவாகவில்லை. எல்லா அடுப்பையும் அணைத்தே வைத்திருந்தேன். அழுத்தமானி காட்டுவது அளவை அல்ல, வெப்பநிலையை. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் புரொப்பேனின் ஆவியழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 110 பவுண்டு. உறைநிலையில் அதில் பாதிதான். சிலிண்டர் நிறைய இருந்தாலும் ஒரு டம்ளர் திரவம் இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். கடைசித் துளி ஆவியான பிறகுதான் முள் சரியும், அப்போது அது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கசிவு பார்க்க மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்: வால்வைத் திறந்து மூடிவிட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் பார்ப்பேன்.

டிசம்பர். தராசுக்கு வந்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடைபார்க்க வாங்கிய கொக்கித் தராசு எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல் எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை நம்பலாமா என்று 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 20.2 காட்டியது. சாக்கின் எடையும் சேர்ந்தால் அது சரிதான்.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் எழுத்துகள் பொறித்திருக்கும். ஒன்றில் பெயிண்ட் அப்பிக் கிடந்ததால் விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. டி.டபிள்யூ. என்பது காலி சிலிண்டரின் எடை, என்னுடையதில் 17.1. டபிள்யூ.சி. என்பது முழுக்கத் தண்ணீர் நிரப்பினால் பிடிக்கும் எடை, 47.6 பவுண்டு. அதை 0.42-ஆல் பெருக்கினால் 20. புரொப்பேன் தண்ணீரைவிட ஏறக்குறைய பாதி எடைதான், அதோடு வெயிலில் விரிவதற்கு ஐந்தில் ஒரு பங்கு இடம் விட வேண்டும். அதனால்தான் இதற்கு இருபது பவுண்டு சிலிண்டர் என்று பெயர். நிரப்பி வந்ததும் தொங்கவிட்டேன்: 37.0. கழித்தால் 19.9 பவுண்டு. கிட்டத்தட்ட 9 கிலோ.

அண்டை வீட்டுக்காரர் கடை வாசல் கூண்டில் மாற்றி வாங்கி வந்த சிலிண்டரையும் அவர் அனுமதியோடு எடைபார்த்தேன். உள்ளே 15.1 பவுண்டு. லேபிளிலேயே 15 பவுண்டு என்றுதான் அச்சிட்டிருக்கிறது. ஆனால் சிலிண்டரின் உருவம் ஒன்றாகவே இருப்பதால் முழுதாக நிரம்பியது என்றே அவர் நினைத்திருந்தார். நிரப்பிக் கொடுக்கும் இடத்துக்குப் போவது நல்லது என்பது என் எண்ணம். இருபது பவுண்டும் கிடைக்கும், எடையைக் கண்ணால் பார்க்கவும் முடியும்.

பிப்ரவரியில், சிலிண்டரின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மீயொலி சென்சார் ஒன்றை வைத்தேன். அடியிலிருந்து ஒலியை அனுப்பி, திரவத்தின் மேல்மட்டத்தில் பட்டு எதிரொலிக்கும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு, போனுக்கு அனுப்புகிறது. இரும்புச் சிலிண்டர் என்பதால் அப்படியே ஒட்டியது. அலுமினியத்தில் காந்தம் நிற்காது, தனியாகப் பிடிப்பு வேண்டும். முதல் வாரம் தாறுமாறாகக் காட்டியது. அடிவட்டத்தின் நட்டநடுவில் நகர்த்தி, அங்கிருந்த மண்ணைத் துடைத்தபின் ஒழுங்கானது.

ஏப்ரலில் மறுபடி பிரைஸுக்கே போனோம், அதே கேம்ப்கிரவுண்டுக்கு. பனி இன்னும் அங்கங்கே கிடந்தது. இந்த முறை ஃபர்னஸ் விசிறியின் மின்கம்பியில் மணிக்கணக்கு மீட்டர் ஒன்றை இணைத்திருந்தேன். இரண்டாம் சிலிண்டரின் வால்வை மூடியே வைத்தேன். முதலாவது தீர்ந்தால் உடனே தெரியும், கையில் ஒரு முழுச் சிலிண்டரும் இருக்கும்.

முதல் இரவு முடிந்த காலையில் வால்வை மூடி, குழாயைச் சிலிண்டரோடு இணைக்கும் பச்சை நட்டைக் கையால் கழற்றி, சிலிண்டரை நிமிர்த்தியபடியே தராசில் தூக்கினேன். 30.9. உள்ளே 13.8, செலவு 6.1 பவுண்டு. மீட்டர் 5.1 மணி நேரம் காட்டியது. என் ஃபர்னஸ் மணிக்கு 20,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும்; ஒரு பவுண்டு புரொப்பேன் ஏறக்குறைய 21,600 பி.டி.யு. தரும். ஆக ஃபர்னஸ் தின்றது 4.7 பவுண்டு. மீதி 1.4 ஃப்ரிட்ஜுக்கும் சமையலுக்கும். மேசையில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆறு மாதமாக இருட்டில் தடவியது ஒரு வரியில் பொருந்தி வந்துவிட்டது.

இரண்டாம் இரவு 6.4. மூன்றாம் இரவு 5.7. மிச்சம் 1.7 பவுண்டு. சென்சார் முதல் நாள் காலையில் 66 சதவீதம் என்றது, எடைக் கணக்கில் 69, அதில் குறையில்லை. கடைசி நாளில் அது 4 என்றும் 15 என்றும் மாறி மாறிக் காட்டியது. சிலிண்டரின் அடி கிண்ணம்போல் வளைந்திருப்பதால் கடைசி இரண்டு அங்குலத்தில் உயரத்தை வைத்து அளவைச் சொல்வது கடினம். வெந்நீர் ஊற்றிக் கை வைத்தேன். அடிவளைவுக்குச் சற்று மேலே, இரண்டு விரல் அகலத்துக்குக் குளிர்ந்த பட்டை ஒன்று தட்டுப்பட்டது. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். "கோடு தெரிகிறது பார்" என்று பதில் வந்தது.

திரும்ப மாட்டும்போது ஒரு விஷயம் கற்றேன். வால்வை வேகமாகத் திறந்துவிட்டேன். அடுப்பு எரிந்தது, ஃபர்னஸ் பிடிக்கவில்லை. நட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அடைப்பான் திடீர்ப் பாய்ச்சலைக் குழாய் அறுந்ததாக எண்ணிக் கேஸைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். மூடி, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகே உள்ளே போகிறேன்.

இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. உறைகிற இரவு: 6 பவுண்டு. ஃபர்னஸ் தேவைப்படாத நாள்: 1.4 பவுண்டு. கோடையில் ஒரு சிலிண்டர் இரண்டு வாரம் வரும், குளிரில் மூன்று இரவுதான். நேற்று மாலை இரண்டையும் தொங்கவிட்டேன். ஒன்று 37.1, மற்றது 24.3. அம்மா மறுபடி அக்டோபரில் வருகிறார்; அந்த இரண்டாவது சிலிண்டரைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் நிரப்ப வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்துவிட்டேன்.